அறை நான்கு, மூன்று பத்து

பேர்ண் நகரம் உறங்கும் நேரத்தில்
உறக்கத்தை எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
முப்பது விநாடிக்கு ஒரு பக்கம்,
ஓர் இரவுக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம்.
இன்று அறை நான்கில் எர்வின் எஷ்லிமான்:
அறுபத்தெட்டு வயது, முப்பத்தொரு வருடம்
சுஸ்டன் கணவாயில் மஞ்சள் தபால் பஸ் ஓட்டியவர்.
தலையில் பசை வைத்து வயர் ஒட்டும்போது
"இதில் என் கனவு தெரியுமா?" என்றார்.
இல்லை ஐயா, கோடுகள்தான் தெரியும்.
மழையைப் பார்க்காமல்
கூரைச் சத்தத்தைக் கேட்கிற மாதிரி.

பதினொன்றரைக்கு அலைகள் கனத்தன.
மெதுவாய் எழுந்து மெதுவாய் விழும் அலை,
ஆளே இல்லாத ஆழம்.
பிறகு திடீரென்று மூளை விழித்துக்கொண்டது.
அவர் விழிக்கவில்லை.
கோடு பொடிப்பொடியாய், ரம்பப் பல்லாய்;
மூடிய இமைக்குள் இரண்டு கண்ணும்
எதையோ துரத்தின.
பின்மண்டையில் வெளிச்சம் இல்லாமலே பார்வை.
அச்சம் பிறக்கும் பாதாம்பருப்பு கொதிக்கிறது;
"இது எப்படி நடக்கும்?" என்று கேட்கவேண்டிய நெற்றிப்பக்கம் மட்டும்
விளக்கணைத்துப் படுத்துவிட்டது.
அதனால்தான் செத்தவர் வந்து தேநீர் கேட்டால்
சர்க்கரை எத்தனை என்கிறோம்.

ஊமை கண்ட கனவு என்பார்கள்.
ஊமையாக்கிவிட்டுத்தான் கனவையே காட்டுகிறது உடல்:
மூளைத்தண்டில் துளியூண்டு இடம் ஒன்று
தண்டுவடம் வழியே பூட்டிக்கொண்டே இறங்குகிறது,
தாடை, தோள், தொடை, கால்விரல்.
விட்டுவைப்பது கண்ணையும் மூச்சையும்.
ஓடு, ஆனால் அசையாதே.

எஷ்லிமானுக்கு அந்தப் பூட்டு தேய்ந்துவிட்டது.

மூன்று பத்து.
தட்டையாய்க் கிடக்கவேண்டிய தாடைக் கோட்டில்
புல் முளைத்தது.
அகச்சிவப்புக் கேமராவில் சாம்பல் நிற மனிதர்
இரு கையாலும் காற்றைப் பிடித்து
இடப்பக்கம் வளைத்தார், பெரிய வளைவு;
ஸ்டியரிங் கனம் என்று தோள் சொன்னது.
உதட்டைக் குவித்து மூன்று சுரம்,
மலைத்திருப்பத்தில் தபால் பஸ் அடிக்கும் ஹாரன்.
எதிரே யாரும் வரவில்லை போலும். சிரித்தார்.
அப்புறம் வலது கால் மெத்தையை மிதித்தது,
வலக்கை விருட்டென்று பக்கவாட்டில் பாய்ந்தது,
வெறும் தலையணையின் மேல், விரல் விரித்து.
"ஹெப்!" என்றார்.
அவர்கள் ஊர்ப்பேச்சில் பிடி என்று அர்த்தம்.
பிடித்துக்கொள் என்றும் ஆகலாம்,
பிடியடா அவனை என்றும் ஆகலாம்.

அதே கைதான்.
அவர் மனைவி வெரேனாவின் கழுத்தெலும்பில்
நேற்று ஒன்பது மணிக்கு நான் பார்த்த நீலம்.
"இவர் அடிக்கிற ஆள் இல்லை" என்றார், நான் கேட்காமலே.

காலை ஆறரை. என்ன கனவு?
"மாடு. சாலை நடுவில். பெரிய மாடு."
பக்கத்தில் யார் இருந்தார்கள்?
புருவத்தைச் சுருக்கினார்.
"பஸ்ஸில் ஓட்டுநர் பக்கத்தில் இருக்கையே கிடையாதே."

வெரேனா ரொட்டி வாங்கி வந்திருந்தார், எனக்கும் சேர்த்து.
"வயசானால் எல்லாருக்கும் வருவதுதானே?"
பத்து மணிக்கு டாக்டர் சொல்வார் என்றேன்.
இந்தப் பூட்டு முதலில் தேய்கிறவர்களில் பலருக்கு
வருடங்கள் கழித்துக் கை நடுங்கும் என்பதையும்
அவர்தான் சொல்லவேண்டும்.
என் வேலையில் வராது அது.
ரொட்டியைத் தின்றேன். நன்றாக இருந்தது.

படிவத்தில் ஒரு கட்டம் மிச்சம்:
அசைவின் தன்மை.
தாக்குவது, தாக்காதது, ஒன்றில் டிக் போடவேண்டும்.
வீடியோவை நாலு முறை ஓட்டிப் பார்த்தேன்.
பிரேக் போட்டதும் பக்கத்தில் இருப்பவர்
முன்னால் விழாமல் மறிக்கும் கைக்கும்
ஓங்கி அறையும் கைக்கும்
கோட்டில் உயரம் ஒன்றுதான்.

கட்டத்தை அப்படியே விட்டு
வயர்களை வெந்நீரில் போட்டேன்.
ஒன்பதாவது கிண்ணத்தில் பசையோடு ஒரு நரைமுடி.
வெளியே பன்னிரண்டாம் நம்பர் பஸ் நின்றது.
ஏறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்,
ஓட்டுநரின் கைகளைப் பார்க்காமல்.